ஐந்தரைக் கட்டையில் போன குரல்

நல்லேப்பிள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட நெய்ச்சோற்றின் மணம் கையை விட்டுப் போவதற்கு முன்பே, என் குரல் நின்றுபோனது.

அது அக்காவின் தங்கை வீடு. அக்கா என்றால் என் உடன்பிறந்தவள் இல்லை. பாலக்காட்டில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறையின் கீழ்வீட்டுக்காரர். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். கணவருக்கு ஊருக்குள் ஏலக்காய், மிளகு, மளிகை மொத்த வியாபாரம். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பெண் இரண்டையும் கட்டிக் கொடுத்துவிட்டு இருவரும் தனியாக இருந்தார்கள். விடுமுறை நாளில் நான் மாடியில் ஒற்றையாகக் கிடப்பது அக்காவுக்குப் பொறுக்காது. அண்ணன் சரக்கு எடுக்க வேனில் கிளம்பினால் எங்களையும் ஏற்றிக்கொள்வார். நல்லேப்பிள்ளிக்கு அரிசி எடுக்கப் போகும் நாளெல்லாம் தங்கை வீட்டில் சாப்பாடு.

அன்றைக்கு அந்த வீட்டில் விருந்தாட்கள் இருந்தார்கள். எல்லோரும் பாயில் சாய்ந்த பிறகு அக்கா பெருமையாகச் சொன்னார்: "எங்கூட்டு மாடியில சிலோன்காரப் புள்ள ஒண்ணு பாட்டுப் படிக்குதுன்னு சொன்னேனல்ல, இதுதான். கண்ணு, ஒண்ணு பாடு, கேக்கட்டும்."

பல்லவி சரியாகவே வந்தது. அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தைத் தொட வேண்டிய இடத்தில் வாய் திறந்திருந்தது, மூச்சு போனது, சத்தம் இல்லை. மறுபடியும் அந்த வரியை எடுத்தேன். மறுபடியும் வெறும் காற்று. நான் பாட்டை முடித்துவிட்டேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "நல்லா இருந்துச்சுங்க" என்று யாரோ சொன்னார்கள். பாயசம் வந்தது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குள் என்ன ஆயிற்று என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் இலங்கையின் மலைநாட்டுக்காரி. அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து எடுக்கிறாள். கோயில் திருவிழாவில் பாடிப் பாடி, பள்ளிக்கூடத்துச் சங்கீத டீச்சர் சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு, புலமைப்பரிசில் கிடைத்து, பாலக்காட்டுக்கு வாய்ப்பாட்டுப் படிக்க வந்தேன். எங்கள் தோட்டத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். வீட்டுவேலைக்குக் குவைத் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. படிக்கப் போனவர்கள் யாரும் இல்லை. கிளம்பிய அன்று எங்கள் லயத்து வரிசைவீட்டுச் சனம் முழுக்க ரோட்டுவரைக்கும் வந்து நின்றது.

பாலக்காட்டில் என்னை யாரும் வெளிநாட்டுக்காரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. என் நிறத்தைப் பார்த்து, தமிழைக் கேட்டுவிட்டு "மூணாறா?" என்பார்கள். "இல்லை, இலங்கை" என்று சொன்னால் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அங்கயும் மூணாறு மாதிரித்தானா?" என்பார்கள். ஆமாம் என்பேன். பதில் உண்மைதான்.

கல்லூரியில் எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பாடுவோம். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம். எண் ஏற ஏறக் குரலும் உயரப் போக வேண்டும். எங்கள் வகுப்பு ஐந்தரைக் கட்டை. மற்றப் பெண்களுக்கு அது மூச்சு விடுவது போல. எனக்கு அது ஒவ்வொரு நாளும் ஏணி வைத்து ஏறுகிற உயரம். நான் ஏறினேன். விடியற்காலை மாடியில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு சாதகம், அப்புறம் குளித்துவிட்டு பஸ், வகுப்பு, மதியம் கொண்டுபோன சோறு, மறுபடி வகுப்பு, வீட்டுக்கு வந்தும் சாதகம். தொண்டை கரகரத்தால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாடுவேன். எங்கள் ஊரில் மேட்டில் ஏறி மூச்சு வாங்கினால் நிற்கமாட்டோம், நடந்துகொண்டே மூச்சைப் பிடிப்போம். குரலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

நல்லேப்பிள்ளிக்குப் பிறகு ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் மேல் ஸ்தாயி வரும்போது வாயை மட்டும் அசைத்தேன். கூட்டத்தோடு பாடுகையில் அது தெரியாது. ஆனால் எங்கள் டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. கல்பாத்திப் பக்கத்துப் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் தமிழே தனி. வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோது என்னை மட்டும் நிறுத்தினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு கிழமையா டீச்சர்."

என் பேச்சுக் குரலைக் கேட்டே முகம் மாறியது. "இதென்னடீ மா, உடைஞ்ச பாத்திரம் மாதிரின்னா இருக்கு. நாளைக்கே டாக்டர்ட்ட போ. பாடப்படாது, கேட்டியா."

அக்காதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துக்கொண்டு, கேமரா பொருத்திய கம்பி ஒன்றைத் தொண்டைக்குள் விட்டார். திரையில் என் குரல் நாண்களைப் பார்த்தேன். வெளுத்த இரண்டு பட்டிகள், ஈரமாக, துடித்துக்கொண்டு. இரண்டின் நடுவிலும் நொய்யரிசி அளவில் ஒவ்வொரு தடிப்பு. அவை ஒன்றையொன்று முட்டிக்கொள்வதால் மற்ற இடம் மூடாமல் காற்று ஒழுகுகிறது என்று டாக்டர் மலையாளத்தில் விளக்கினார். சில வாரங்களுக்குப் பேச்சே கூடாது. கிசுகிசுப்பு அதைவிட மோசம். இருமலையும் அடக்கப் பார்க்க வேண்டும். அழக்கூட வேண்டாம் என்றார்.

"மிண்டருது, கேட்டோ" என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பேசாதே என்று அர்த்தம்.

"அது கழிஞ்சா சரியாயிடுமா டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"நோக்காம்."

பார்க்கலாம். அந்த ஒரு சொல்லைத்தான் பஸ்ஸில் வீடுவரைக்கும் கொண்டுவந்தேன். சரியாகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. ஆகாமல் போனால் நான் என்ன செய்வேன்? எனக்கு வேறு எதுவும் தெரியாது. கொழுந்துகூட ஒழுங்காக எடுக்கத் தெரியாது. விரல் வெட்டுப்பட்டால் தம்பூரா மீட்ட முடியாது என்று அம்மா என்னை மலைக்கு அனுப்பியதே இல்லை.

பேசாமல் இருப்பது முதல் இரண்டு நாள் விரதம் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் அது என்ன என்று புரிந்தது. பஸ்ஸில் எங்கே போகிறேன் என்று கண்டக்டரிடம் சொல்ல முடியாது. கடையில் எதையும் விரலால் காட்ட வேண்டும். கல்லூரிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்பேன். கேட்கும்போது என் தொண்டை தானாக அசையும். அதுவும் கெடுதல் என்று பிறகு படித்தேன். அப்புறம் வகுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

எழுதிக் காட்டலாமே என்று தோன்றும். அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பிறந்ததிலிருந்து வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். எனக்கோ மலையாள எழுத்து பஸ் போர்டு அளவுக்குத்தான். ஒரே மொழிக்காரர்கள் நாங்கள் இருவரும், ஒரே அடுப்பங்கரையில், கையால் பேசிக்கொண்டோம். பசிக்கிறதா, தலைவலியா, தண்ணீர் வேண்டுமா என்பதையெல்லாம் கையால் கேட்டுவிடலாம், சொல்லிவிடலாம். பயமாக இருக்கிறது என்பதற்கு மட்டும் நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு பின்னேரம் அம்மா கூப்பிடுவாள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. கோயில் மேட்டுக்கு ஏறி வந்து, பட்டன் போனில், பக்கத்து வீட்டுப் பெண்கள் சுற்றி நிற்க, ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு பேசுவாள். நான் அந்த வாரம் படித்ததில் கொஞ்சம் பாடிக் காட்டுவேன். முன்கூட்டியே தகவல் அனுப்பலாம் என்றால் அம்மாவுக்குக் குறுஞ்செய்தி பார்க்கத் தெரியாது. போன் அடித்தது. அக்காவிடம் நீட்டினேன்.

"அலோ, அம்மாங்களா? நான் பாலக்காட்டிலிருந்து, உங்க புள்ள இருக்கற ஊட்டுக்காரிங்க."

மேட்டுக் காற்று இரைவது கேட்டது. பிறகு அம்மாவின் குரல். "ஏம் புள்ள எங்க?"

"இங்கதான் இருக்குதுங்க, பக்கத்துலயே. தொண்டையில சின்ன அசுகம். டாக்டரு பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அசுகம்னா?"

"நோவுங்க. சாரமில்ல, சரியாயிடும்."

"புள்ளகிட்ட குடுங்க."

"பேசக் கூடாதுங்களே."

"பேச வேணாம். அம்மான்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. அது போதும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் உடைந்த பாத்திரச் சத்தம் வந்தால் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு மேட்டிலிருந்து எப்படி இறங்குவாள்?

அந்தப் பக்கம் குரல் மாறத் தொடங்கியது. "யாருங்க நீங்க? ஏம் புள்ளைக்கு என்னா ஆச்சு? உள்ளத சொல்லுங்க. எதையோ மறைக்கிறீங்க. புள்ள உசுரோட இருக்குதா?" பக்கத்தில் நின்ற பெண்கள் ஏதோ சொல்ல, அம்மா அவர்களை அதட்டினாள். மலைநாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போன எத்தனையோ பெண்களைப் பற்றி இப்படித்தான் முதலில் யாரோ ஒரு வேற்றாள் போன் செய்திருக்கிறார்கள். சின்ன அசுகம் என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அது தெரியும்.

அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. "யா அல்லா, உசுரோட இருக்குதுங்க, எம் முன்னாலதான் நிக்குது" என்று போனை என் முகத்தருகே கொண்டுவந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. சத்தமில்லாமல்தான் அழுதேன். ஆனால் மூக்கு அடைத்து, சின்ன வயதிலிருந்தே எனக்கு இருக்கிற பழக்கம், விட்டுவிட்டு மூன்று முறை உறிஞ்சினேன்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"ஆ" என்றாள் அம்மா. "இருக்கிறா. சரி. அழுவாத புள்ள. அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு. அழுவாத." பிறகு அக்காவிடம், "அவளுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா என்னைத் தனியே விடவில்லை. அண்ணன் எங்கே கிளம்பினாலும் வேனில் நான் நடுவில், அக்கா ஓரத்தில். அவருக்கு அகளியில் சில கடைகளுக்குச் சரக்கு போட வேண்டியிருந்தது. மண்ணார்க்காடு தாண்டி மலைப்பாதைச் சுரம் ஏறி அட்டப்பாடிக்குள் இறங்கும்போது காது அடைக்கும். அகளிச் சந்தையில் ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு மருந்து சொன்னார். அதிமதுரம் மென்றேன். மலைத்தேனில் மிளகைக் குழைத்து நக்கினேன். சித்தரத்தையைத் தட்டிப்போட்ட வெந்நீர் குடித்தேன். யாரோ கழுதைப்பால் என்றார்கள். அண்ணன் சிரித்துவிட்டு வேனை எடுத்தார், நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், கழுதை எங்கேயாவது நிற்கிறதா என்று. அக்கா பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கி வந்து தந்தார். குடித்தேன். மனதுக்குள் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கும் வேண்டிக்கொண்டேன். என்னிடம் எதைக் கொடுத்திருந்தாலும் அந்த நாட்களில் விழுங்கியிருப்பேன்.

அந்தப் பயணங்களில் ஊரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் போய்க்கொண்டிருந்தது. என் கவனமெல்லாம் தொண்டைக்குள் இருந்தது. எச்சில் விழுங்கும்போது அந்த இரண்டு நொய்களும் கரைந்திருக்குமா என்று தடவிப் பார்ப்பது போல விழுங்கிப் பார்ப்பேன். ஒரு நம்பிக்கை மட்டும் வைத்திருந்தேன். குரல் உள்ளே பத்திரமாக இருக்கிறது, நான்தான் எடுக்காமல் இருக்கிறேன், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று.

சாந்தன்பாறையில் அதுவும் போனது.

ஏலக்காய் எடுக்க அண்ணன் வருஷத்தில் சில தடவை சாந்தன்பாறைக்குப் போவார். விடியும் முன்பே கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக ஏறினோம். மூணாறை நெருங்கும்போது தேயிலை தெரிந்தது. மறுபடியும் மறுபடியும் தேயிலை. தகரக் கூரை போட்ட நீள வீடுகள் வரிசையாக. "லயம்" என்று அக்கா காட்டினார், எனக்குப் புதிது என்று நினைத்து. நாங்களும் அதே சொல்லைத்தான் சொல்வோம். என்னால் சொல்லவா முடியும்? தலையை மட்டும் ஆட்டினேன்.

சாந்தன்பாறையைத் தாண்டி ஒரு ஏலத்தோட்டத்தின் ஸ்டோருக்குப் போனோம். காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அண்ணன் உள்ளே காயை அள்ளிப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வழியெல்லாம் வாந்தி; சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. ஸ்டோரின் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவியை யாரிடமாவது கேட்க வேண்டும், கேட்க வாய் இல்லை. அக்காவிடம் சுண்டுவிரலைக் காட்டிவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்குள் பத்தடி இறங்கினேன். போனை வேனிலேயே விட்டிருந்தேன். பேசாதவளுக்குப் போன் எதற்கு?

ஏலச்செடி என் தலையைவிட உயரம். மேலே பெரிய மரங்களின் நிழல். முடித்துக்கொண்டு எழுந்தபோது மஞ்சு, பனிமூட்டம், இறங்கியிருந்தது. மலைநாட்டுக்காரியான எனக்கு மஞ்சு புதிதில்லை, ஆனால் தேயிலைக்குள் நின்றால் மஞ்சிலும் தலை செடிக்கு மேலே இருக்கும். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித் தண்டும் ஓலையும். ஏறினால் ஸ்டோர் வரும் என்று ஏறினேன். வரவில்லை. வழி மாறிவிட்டது என்று இறங்கினேன். ஓடை ஒன்று வந்தது; வரும்போது ஓடையே இல்லை. செருப்புச் சேற்றில் மாட்டிக்கொண்டது. எடுக்கக் குனிந்தபோது பக்கத்தில் ஒரு செடிக்கூட்டம் முழுக்க மிதிபட்டுச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். அதன் நடுவே ஆனைச் சாணப் பிண்டம். புதிதா பழையதா என்று பார்க்கத் தெரியவில்லை.

அப்போது அக்கா கூப்பிடுவது கேட்டது.

"கண்ணூ..."

எங்கிருந்து என்று தெரியவில்லை. மஞ்சில் சத்தம் எல்லாப் பக்கமும் இருந்து வரும். "கண்ணூ, எங்கடா தங்கம் இருக்கற..." குரலில் பயம் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது இன்னும் தூரத்தில் கேட்டது. என்னைத் தேடி வேறு பக்கம் போகிறார்.

டாக்டர் சொன்னது, தடிப்பு, பரீட்சை எல்லாவற்றையும் விட்டேன். கூப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து, வாயைத் திறந்து, அக்கா என்று கத்தினேன்.

சத்தம் இல்லை.

மறுபடி. காற்று. தொண்டை நரம்பு புடைக்க மறுபடி. கதவிடுக்கில் காற்று போகும் சத்தம்தான். நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த ஓடைக்கரையில் நின்றபோது எனக்கு ஆனைப் பயம்கூடப் போய்விட்டது. அதைவிடப் பெரியது ஏதோ நடந்து முடிந்துவிட்டது போல இருந்தது.

ஓடையோரம் பூச்சிமருந்துத் தகரம் ஒன்று கிடந்தது. கல்லை எடுத்து அதை அடித்தேன். தாளம் கீளம் ஒன்றும் இல்லை. பைத்தியம் பிடித்தவள் போல அடித்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே எங்கேயோ இன்னொரு தகரம் அடிபட்டது. பிறகு இடது பக்கம் ஒன்று, கீழே லயத்துப் பக்கம் ஒன்று. பட்டாசு வெடித்தது. ஆட்கள் கூக்குரல் போட்டார்கள். நாய்கள் குரைத்தன. ஆனை இறங்கிவிட்டது என்று எல்லோரும் விரட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. என் தகரம்தான் அவர்களைக் கிளப்பியது என்று மட்டும் புரியவில்லை. கல்லைப் போட்டுவிட்டுச் செடிக்கடியில் சுருண்டு உட்கார்ந்துகொண்டேன்.

காய் எடுக்கும் பெண்கள் இரண்டு பேரும், கையில் தீப்பந்தத்தோடு ஓர் ஆளும்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள். பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தோளில் போர்த்தி, முழங்கால் வரை சேறாக இருந்தார்கள்.

"ஏம்மா, நீயா தகரத்த அடிச்ச?" என்றாள் மூத்தவள். "அவன் வந்துட்டான்னுல்ல நாங்க கெடந்து ஓடியாறோம். ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

நான் தொண்டையைக் காட்டினேன்.

"ஊமப் புள்ளையா? அய்யோ பாவமே."

அதற்குள் அக்கா செடிகளை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். முக்காடு விழுந்து, ஒரு காலில் செருப்பு இல்லாமல். என் தோளில் ஓர் அடி அடித்துவிட்டு, இழுத்து அணைத்துக்கொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டே அவர்களிடம் சொன்னார்: "ஊமையெல்லாம் இல்லீங்க. பாட்டுப் படிக்கிற புள்ளைங்க. டாக்டரு பேசக் கூடாதுன்னுட்டாரு, அதான்."

மூத்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேசக் கூடாதுன்னா, ஆன வந்தாலுமா பேசக் கூடாது?"

எல்லோரும் சிரித்தார்கள். பயம் விட்ட சிரிப்பு. அக்காவும் சிரித்தார். லயத்துக்கு அழைத்துப்போய்க் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள், பால் இல்லாத கட்டங்காப்பி கொடுத்தார்கள். எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்கக் கேட்க அக்காவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் பேச்சு என் அம்மாவின் பேச்சுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. எந்த நாளிலும் அது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் என்னைக் குத்தியது. இந்த ஊமைப் பெண்தான் நான், இனி இதுதான் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

திரும்பும் வழியில் மறையூரில் தேநீருக்கு நிறுத்தினார்கள். அண்ணனுக்கு மட்டும் தமிழ் வாசிக்கத் தெரியும்; பொள்ளாச்சி வியாபாரிகளோடு பழகிய பழக்கம். போனில் எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அக்காவுக்குக் கேட்கும்படி மெதுவாக வாசித்தார்.

"நான் கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை."

அக்கா கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். "ஏனுங்க, சரியா வாசிங்க."

"சரியாத்தான் வாசிச்சேன்."

அதற்குப் பிறகு பாலக்காடு வரைக்கும் அக்காவும் பேசவில்லை.

அடுத்த நாள் டாக்டர் மறுபடி கம்பியை விட்டுப் பார்த்தார். தடிப்பு பாதிக்கு மேல் வற்றியிருந்தது. பயத்தில் தொண்டைத் தசை முழுக்க இறுகிப் பூட்டிக்கொண்டது, அதனால்தான் சத்தம் வரவில்லை, அழிந்துவிடவில்லை என்றார். நான் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அவர் என்னைக் குரல் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுகுழாயைப் போட்டு, வாயில் வைத்து உள்ளே ஊதச் சொன்னார். ஊதும்போது லேசாக முனக வேண்டும். தண்ணீர் கொப்பளிக்கும். கல்யாணி ராகமும் தோடியும் படிக்கக் கடல் கடந்து வந்தவள், சோடா குடிக்கும் குழந்தை போலத் தினமும் டம்ளருக்குள் குமிழி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் சில நாட்கள் குமிழி மட்டும் வந்தது. ஒருநாள் குமிழியோடு கூட ஒரு முனகல் வந்தது. தகரத்தை இழுப்பது போல ஒரு சத்தம். அடுப்பங்கரையில் மீன் அலசிக்கொண்டிருந்த அக்கா, கையைக்கூடத் துடைக்காமல் மாடிப்படி ஏறி வந்து நின்றார். இன்னொரு தடவை ஊது என்று கையால் காட்டினார்.

பேச்சு திரும்பியது. பாட்டு அவ்வளவு லேசாகத் திரும்பவில்லை. மத்திய ஸ்தாயியில் ஒரு மாதிரி நிற்கும்; மேலே போனால் உடையும். வகுப்புத் தோழிகள் பரீட்சை எழுதி அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டார்கள். நான் பின்தங்கினேன். விசாவை நீட்டிக்க விண்ணப்பம் போட வேண்டும். எதற்காக நீட்டிப்பது என்று தெரியவில்லை. ஒரு வாரம் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு மாடியில் இருந்தேன். அக்கா அதைப் பார்த்தும் கட்டாயப்படுத்தவில்லை. "போறதுன்னா போ கண்ணு" என்றார். "அண்ணன் ஸ்டேசனுக்குக் கொண்டுபோயி விடுவாரு. ஆனா அங்க போயி என்ன பண்ணுவேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. எனக்குத் தெரியணும்."

சொல்ல முயன்றேன். எதுவும் வரவில்லை. இந்தமுறை தொண்டையின் குற்றம் இல்லை.

டீச்சரிடம் போனேன். அவர் சுருதிப்பெட்டியை ஐந்தரையிலிருந்து இறக்கிக்கொண்டே வந்தார். ஐந்து. நாலரை. நாலில் நிறுத்தி, "இதிலே பாடு" என்றார். பாடினேன். ஆண்பிள்ளை முனகுவது போல இருந்தது எனக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இது உன் ஸ்ருதியாக்கும். இவ்வளவு நாள் நீ வேற யாரோட தொண்டையிலோ பாடிண்டிருந்தாய்." பாராட்டா, கண்டிப்பா என்று தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து வகுப்பில் சேர்ந்து பாட முடியாததால் வராந்தாக் கோடியில் தனியாக உட்கார்ந்தேன். உள்ளே புதிய வருஷத்துப் பெண்கள் ஐந்தரையில் மேலே போவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நாலில், ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலிருந்து மறுபடி தொடங்கினேன். பொறாமையாக இருக்கும். சில நாள் அந்தப் பொறாமையில் ஒரு ஸ்வரம்கூடப் பாடாமல் எழுந்து வந்துவிடுவேன்.

ஒரு வருஷம் தாமதித்துப் பரீட்சை எழுதினேன். பாட்டுப் பரீட்சையில் என் சுருதியைக் கேட்டுவிட்டு, வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் ஜலதோஷமா என்று கேட்டார். இல்லை சார், குரலே இவ்வளவுதான் என்றேன். மேல் ஸ்தாயியில் எதுவரை போகும் என்றார். காந்தாரம் வரை, அதுவும் காலையில் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். சாதாரண மதிப்பெண்ணோடு தேறினேன். கச்சேரி மேடையில் இதுவரை ஏறவில்லை. இனி ஏறுவேன் என்றும் தோன்றவில்லை.

இப்போது அப்புத்தளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். அக்கா பெருநாளைக்குப் பெருநாள் கூப்பிடுவார், பேச்சைவிடத் தொண்டையைத்தான் முதலில் விசாரிப்பார். காலையில் குரல் நன்றாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் கரகரக்கத் தொடங்கும். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்துக்கு வெறும் காற்றுதான் இருக்கும். அப்போது ஸ்வரத்தைப் பலகையில் எழுதிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகள் அவரவர் குரலில், அவரவர் சுருதியில், கன்னாபின்னா என்று பாடிக்கொண்டிருக்கும். நான் திருத்துவதில்லை.